டீசல் டிரக்குக்கு எந்தப் பேட்டரி வாங்குவது? சி.சி.ஏ. எண்ணைப் பார்ப்பதற்கு முன் சில விஷயங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது: 24 வோல்ட் டீசல் டிரக், அதில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு. மூன்று வருடத்தில் இரண்டு தடவை ஜோடியை மாற்றியாகிவிட்டது. இரண்டு தடவையும் ஒரு பேட்டரிதான் முதலில் போனது. காலையில் செல்ஃப் அடித்தால் சோம்பலாகச் சுற்றுகிறது. ராத்திரி கேபினிலேயே படுக்கிறீர்கள், ஃபேனும் லைட்டும் போன் சார்ஜரும் விடிய விடிய ஓடுகின்றன. இந்தத் தடவை செலவானாலும் பரவாயில்லை, சி.சி.ஏ. எண் (குளிரில் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி தரக்கூடிய ஆம்பியர்) அதிகமாக உள்ள, பவர் கூடுதலான பேட்டரி ஒன்றைச் சொல்லுங்கள், எந்தப் பிராண்டை நம்பலாம், லித்தியம் எப்படி என்கிறீர்கள்.

கனரக வண்டிகளின் எலக்ட்ரிக்கல் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பவர் அதிகமான பேட்டரி எது என்பது ஒன்று. அதற்கான பதில் ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும். நடுவழியில் காலை வாராத பேட்டரி எது என்பது இன்னொன்று. அதற்கான பதில் பாதி பேட்டரியிலும் பாதி உங்கள் வண்டியிலும் இருக்கிறது. வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால், எது உறுதி, எது என் ஊகம் என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் ஊகம். "ஒரு பேட்டரிதான் முதலில் போனது" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரியும் வரிசையாக, அதாவது சீரீஸில் இருக்கும். இரண்டின் வழியாகவும் ஓடுவது ஒரே கரன்ட். அப்படியிருக்க, ஒரே நாளில் வாங்கிய ஜோடியில் ஒன்று மட்டும் சீக்கிரம் சாக வேண்டுமானால், அதற்கு மட்டும் தனியாக ஏதோ நடந்திருக்க வேண்டும். நான் பார்த்தவரை பெரும்பாலும் நடப்பது இதுதான்: கேபின் ஃபேனும் ரேடியோவும் 12 வோல்ட் சாமான்கள், அதற்காக யாரோ எர்த் பக்கத்துப் பேட்டரியிலிருந்து (நெகட்டிவ் முனை சேசிஸோடு இணைந்திருப்பது) மட்டும் ஒரு வயரை இழுத்திருப்பார்கள். வேலை உடனே முடிந்துவிடும், எல்லாம் ஓடும். ஆனால் ராத்திரி முழுக்க அந்த ஒரு பேட்டரிதான் காலியாகும். காலையில், எஞ்சின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்குத் தெரிவது இரண்டும் சேர்ந்த 28 வோல்ட் கணக்கு மட்டும்தான். அது இரண்டுக்கும் ஒரே அளவில் ஊட்டும். காலியான எர்த் பக்கத்துப் பேட்டரி ஒருநாளும் நிறையாது. ஏற்கெனவே நிறைந்திருக்கும் இன்னொரு பேட்டரிக்கு வேண்டாத அளவு சார்ஜ் ஏறி, தண்ணீர் வாயுவாகிக் குறையும். ஒன்று பட்டினியில் சாகிறது, இன்னொன்று அஜீரணத்தில் சாகிறது. உலகத்திலேயே விலை கூடிய ஜோடியைப் போட்டாலும் இந்த வயரிங்கில் தப்பாது.

இது உண்மையா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஒரு மல்டிமீட்டர் வேண்டும். காலையில் சாவியைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய ஈயப் பேட்டரி சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். இரண்டுக்கும் நடுவே 0.2 வோல்ட் வித்தியாசம் இருந்தாலே ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் எஞ்சினை ஓட விட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தனித்தனியாக அளங்கள். மொத்தம் 28 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும், இரண்டும் ஏறக்குறைய 14 ஆகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றில் 13.3, மற்றதில் 15 என்று வந்தால் நான் சொன்ன நோய்தான். மருந்தும் சுலபம். 12 வோல்ட் சாமான்களை 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் வழியாக ஓட்டுங்கள், அல்லது இரண்டின் சார்ஜையும் சமமாக வைக்கும் பேட்டரி ஈக்வலைசர் ஒன்றைப் பொருத்துங்கள். அதைச் செய்யாமல் புதுப் பேட்டரி வாங்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டும் சமமாகக் காட்டினால் அடுத்த சந்தேகம் கேபிள்கள் மேல். ஒரு வண்டி எங்களிடம் வந்தது, ஒரே வருடத்தில் மூன்றாவது ஜோடி பேட்டரியோடு. ஓய்வில் 25.4 வோல்ட், குறை சொல்ல முடியாது. செல்ஃப் அடித்தால் மட்டும் முனகியது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினல் மேல் வைத்தேன், மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் வைத்தேன். டிரைவரைச் சாவி திருப்பச் சொன்னேன். மீட்டர் 2.1 காட்டியது. அந்த இடத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் வரவே கூடாது. கியர்பாக்ஸையும் சேசிஸையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டை வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது, போல்ட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினால், பட்டை முனையின் உலோக வளையத்துக்கு (லக்) அடியில் பெயின்ட்டும் அதற்கும் அடியில் பச்சைப் பொடியும். உலோகம் பளபளக்கும் வரை எமரி தாளால் தேய்த்து, புது போல்ட் போட்டு முடுக்கினோம். 0.2 வோல்ட்டுக்கு இறங்கியது, எஞ்சின் தொட்டவுடன் எடுத்தது. ஓரமாகக் கழற்றிப் போட்டிருந்த முந்தைய ஜோடியைச் சார்ஜ் போட்டுச் சோதித்தபோது இரண்டும் தேறின. அன்றிலிருந்து பேட்டரி போய்விட்டது என்று யார் வந்தாலும் முதலில் எர்த்தைத்தான் பார்க்கிறேன். பாசிட்டிவ் பக்கமும் இதே சோதனைதான், பேட்டரி டெர்மினலிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை.

இவ்வளவும் சரியாக இருந்து, பேட்டரிதான் வேண்டும் என்றால் தேர்வுக்கு வரலாம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 15 முதல் 20 மடங்கு வரை நசுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் நசுங்கும் காற்றின் சூடு சிலிண்டர் சுவரில் இறங்கிவிடும், அழுத்தமும் பிஸ்டன் வளையங்கள் வழியாகக் கசிந்துவிடும். அதனால் டீசலுக்குச் சுற்றினால் மட்டும் போதாது, வேகமாகச் சுற்ற வேண்டும். செல்ஃப் மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்த ஒரு நொடியில் பல நூறு ஆம்பியர் இழுக்கும். குளிர் நாளில், எஞ்சினுக்குள் காற்றைச் சூடாக்கும் குளோ பிளக்கோ ஏர் ஹீட்டரோ அதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். அந்த நொடியில் வோல்ட்டேஜ் சரியாமல் தாங்குவதுதான் பவர். அதை அளக்க வந்த எண்தான் சி.சி.ஏ., குளிரில் கிராங்க் செய்யும் ஆம்பியர்.

அந்த எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க எஸ்.ஏ.இ. முறைப்படி, முழுச் சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் 30 விநாடிக்கு எத்தனை ஆம்பியர் தந்தும் 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் நிற்கிறதோ அதுதான் சி.சி.ஏ. ஐரோப்பிய இ.என். முறையில் அதே குளிர்தான், ஆனால் 10 விநாடியில் 7.5 வோல்ட் என்பது கணக்கு. பழைய ஜெர்மன் டி.ஐ.என். முறை 30 விநாடியில் 9 வோல்ட் கேட்கும், அதனால் அதில் வரும் எண் வெகுவாகக் குறைந்திருக்கும். ஒரே பேட்டரிக்கு முறையைப் பொறுத்து மூன்று எண். போதாக்குறைக்கு சி.ஏ. என்றும் எம்.சி.ஏ. என்றும் சில ஸ்டிக்கர்களில் பெரிய எழுத்தில் இருக்கும். அவை 0 டிகிரியில் அளந்தவை. குளிர் குறைவு என்பதால் எண் தானாகவே கூடிவிடும். ஆகவே இரண்டு பேட்டரிகளை ஒப்பிடும்போது எண்ணுக்குப் பக்கத்தில் எந்த முறை என்று பாருங்கள். முறையே போடாமல் வெறுமனே ஒரு பெரிய எண் மட்டும் இருந்தால் நான் அதை எண்ணாகவே மதிப்பதில்லை.

சி.சி.ஏ. கூடக் கூட நல்லதுதானே என்று கேட்பீர்கள். பெட்டி பெரிதானால் ஆமாம். அதே அளவு பெட்டிக்குள் எண்ணை ஏற்ற வேண்டுமானால் தயாரிப்பாளர் பெரும்பாலும் செய்வது, பிளேட்டை மெல்லியதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவது. மேற்பரப்பு கூடும், ஒரு நொடியில் கொட்டும் கரன்ட் கூடும். ஆனால் மெல்லிய பிளேட் ராத்திரி ராத்திரி காலியாகி நிறைவதைத் தாங்காது, குலுக்கலையும் அவ்வளவாகத் தாங்காது. உங்கள் உபயோகத்துக்கு இது நேர் எதிர். என் கருத்து இது: வண்டித் தயாரிப்பாளர் மேனுவலில் சொன்ன சி.சி.ஏ.வை எட்டட்டும், பத்துப் பதினைந்து சதவீதம் கூட இருந்தால் நல்லது. அதற்கு மேல் அந்த எண்ணைத் துரத்த வேண்டாம். உறைபனியில் ஓடுகிற வண்டியென்றால் மட்டும் இந்தப் பேச்சு மாறும். மைனஸ் 18-ல் ஈயப் பேட்டரியின் தெம்பு பாதிக்கும் கீழே போய்விடும், எண்ணெய் கெட்டியாகி எஞ்சின் கேட்பது கூடிவிடும். அங்கே சி.சி.ஏ. உண்மையிலேயே உயிர்நாடி. வெப்பமான இடத்தில் பேட்டரியைக் கொல்வது சூடுதான். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது நாங்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு.

கேபினில் படுப்பவர் பார்க்க வேண்டிய எண்கள் வேறு. ஒன்று ஆம்பியர்-அவர், அதாவது ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கொள்ளளவு, பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கில் தந்திருப்பார்கள். இன்னொன்று ரிசர்வ் கெபாசிட்டி, அதாவது 25 ஆம்பியர் தொடர்ந்து எடுத்தால் 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகும் என்பது. உங்கள் ராத்திரிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். எல்லாம் சேர்ந்து 4 ஆம்பியர் இழுத்து 8 மணி நேரம் ஓடினால் 32 ஆம்பியர்-அவர். 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அது ஐந்தில் ஒரு பங்கு, தாங்கும். சின்ன ஃபிரிட்ஜும் சேர்ந்து 10 ஆம்பியர் ஆனால் 80 போய்விடும், பாதிக்கு மேல். ஸ்டார்ட் செய்வதற்கென்று செய்த பேட்டரியைத் தினமும் பாதிக்குக் கீழே இறக்கினால் அது நிலைக்காது. இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: 150, 150 இரண்டு இருக்கிறது, ஆகவே 300 என்று நினைப்பது. சீரீஸில் வோல்ட்தான் கூடும், ஆம்பியர்-அவர் 150 ஆகவே இருக்கும். 12 வோல்ட் டிரக்கில் இரண்டைப் பேரலலாக இணைத்தால்தான் அது 300 ஆகும்.

வகைக்கு வருவோம். சாதாரண ஆசிட் பேட்டரி விலை குறைவு, சூட்டைப் பொறுத்துக்கொள்ளும், தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றலாம். ராத்திரி சுமை குறைவாக இருந்தால் தடித்த பிளேட் உள்ள கனரக ஆசிட் பேட்டரியே போதும் என்பேன், இன்றைக்கும். இ.எஃப்.பி. என்பது அதிலேயே பலப்படுத்தியது, அரைகுறையாகக் காலியாகி நிறைவதை இன்னும் நன்றாகத் தாங்கும். ஏ.ஜி.எம். வகையில் ஆசிட் கண்ணாடி இழைப் பாய்க்குள் ஊறியிருக்கும், பிளேட்டுகள் இறுகப் பொதிந்திருக்கும். குலுக்கலுக்கும் ராத்திரி உபயோகத்துக்கும் அது மிக நல்லது. ஆனால் அதிக சார்ஜையும் சூட்டையும் மன்னிக்காது, உலர்ந்தால் மறுபடி தண்ணீர் ஊற்ற வழியில்லை. எஞ்சினுக்கு ஒட்டிய சூடான இடத்தில் உங்கள் பேட்டரிப் பெட்டி இருந்தால் ஏ.ஜி.எம். வேண்டாம். ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் தரும் வோல்ட்டேஜ் பேட்டரியின் டேட்டா ஷீட்டில் உள்ளதோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ஒன்று ஏ.ஜி.எம்., மற்றது ஆசிட் என்று கலந்து போடவே கூடாது. இது உறுதி.

லித்தியம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எடை குறைவு, ஆழமாகக் காலியாகலாம் என்பதெல்லாம் உண்மை. கேபின் சுமைக்கென்று தனியாக ஒன்று வைப்பது நல்ல யோசனை. செல்ஃப் எடுக்க அதை நம்புவதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. உறைநிலைக்குக் கீழே சாதாரண லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் ஓடும்போது திடீரென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டரிலிருந்து வோல்ட்டேஜ் எகிறி மற்ற எலக்ட்ரானிக்ஸைத் தாக்கலாம். ஸ்டார்ட்டுக்கென்றே வடிவமைத்து, தயாரிப்பாளர் எழுத்தில் ஒத்துக்கொண்டதாக இருந்தால் மட்டும் பாருங்கள்.

குலுக்கலைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, டிரக்கில் பேட்டரியைக் கொல்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. செத்த பேட்டரியை அறுத்துப் பார்த்தால் அடியில் சாக்லேட் நிறத்தில் சேறு படிந்திருக்கும். பிளேட்டிலிருந்து உதிர்ந்த ஈயப் பூச்சு அது. அது எழும்பிப் பிளேட்டுகளின் அடியைத் தொட்டால் செல் ஷார்ட் ஆகிவிடும். சில பேட்டரிகளில் செல்லை செல்லோடு இணைக்கும் ஈயப் பட்டையில் மயிரிழை விரிசல் விழும். அப்படிப்பட்ட பேட்டரி ஓய்வில் 12.6 காட்டும், லைட்டும் எரியும், செல்ஃப் அடித்த நொடியில் எல்லாம் அணைந்துவிடும். வெறும் மீட்டரை வைத்து இதைப் பிடிக்க முடியாது, பெரிய கரன்ட் இழுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டில்தான் தெரியும். ஐரோப்பிய இ.என். 50342 தரத்தில் குலுக்கலைத் தாங்கும் அளவை வி1 முதல் வி4 வரை வகுத்திருக்கிறார்கள். லேபிளில் வி3 அல்லது வி4 இருந்தால் அதை எடுங்கள், குறிப்பாகப் பேட்டரிப் பெட்டி சேசிஸின் பின்கோடியில் இருந்தால். எந்த வகுப்பானாலும் கிளாம்ப் இறுக்கமாக இல்லாவிட்டால் பயனில்லை. கையால் அசைத்தால் அசையக் கூடாது. அதற்காக மூடி வளையும் வரை முடுக்கிவிடவும் வேண்டாம்.

கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டியவை: தயாரித்த தேதிக் குறியீடு என்ன என்று கேளுங்கள், மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது, ஆறு மாதம் தாண்டி நடுவில் சார்ஜ் போடாமல் இருந்தால் வேண்டாம். சும்மா நிற்கும் பேட்டரியும் மெதுவாகக் காலியாகும், காலியான நிலையில் பிளேட்டில் சல்ஃபேட் கெட்டிப்படும். மீட்டரைக் கையோடு எடுத்துப் போய் அளங்கள். 12.4-க்குக் கீழே காட்டினால் வேறு கேளுங்கள். இரண்டையும் ஒரே மாடல், ஒரே தேதியில் வாங்குங்கள். முடிந்தால் லோடு டெஸ்ட் செய்து காட்டச் சொல்லுங்கள்: சி.சி.ஏ.வில் பாதி ஆம்பியரை 15 விநாடிக்கு எடுத்தால், ஏறக்குறைய 21 டிகிரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. பெட்டியின் அளவு, டெர்மினல் கூம்பா போல்ட்டா, பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதைப் பழைய பேட்டரியை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். பக்கம் மாறினால் கேபிள் எட்டாது. இழுத்துக் கட்டினால் உரசும். உரசினால் தீ.

பிராண்ட் கேட்டீர்கள், பெயர் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஆலையில் தயாராகும் பேட்டரிகள் பல பெயர்களில் விற்பனையாவது இந்தத் தொழிலில் சகஜம். ஒரே பெயரில் நல்ல மாடலும் சுமாரான மாடலும் இருக்கும். பெயரை விட வாரன்டி தாளில் எழுதியிருப்பது அதிகம் சொல்லும். வணிக வாகனத்துக்குக் காலம் தனியாக, குறைவாக இருக்கிறதா? எத்தனை மாதம் வரை இலவச மாற்று, அதற்குப் பிறகு விலையில் எவ்வளவு தள்ளுபடி? நீங்கள் ஓடும் வழியெல்லாம் அவர்களுக்கு சர்வீஸ் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் தருபவரிடம் வாங்குங்கள்.

வாங்கிய பிறகு, வண்டியில் ஏற்றுவதற்கு முன் இரண்டையும் தனித்தனியாக முழுக்கச் சார்ஜ் போடுங்கள். கழற்றும்போது நெகட்டிவை முதலில், மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும், பக்கத்தில் தீப்பொறி கூடாது. ஒரு வாரம் கழித்து, ராத்திரி வழக்கம்போல் ஃபேன் ஓட்டிப் படுத்த மறுநாள் காலையில் மறுபடி அளங்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. இப்போது இருக்கும் ஜோடியில் முதலில் நான்கு அளவுகளை எடுங்கள்: காலையில் ஒவ்வொரு பேட்டரியும் எத்தனை வோல்ட், எஞ்சின் ஓடும்போது ஒவ்வொன்றும் எத்தனை. 12 வோல்ட் வயர் எங்கிருந்து போகிறது என்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றை இங்கேயே போட்டால் பேட்டரி வாங்க வேண்டுமா, கன்வெர்ட்டர் மட்டும் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.